முன்கையைத் திருப்பிக் காட்டும் ஒரு 3டி மாடல்: செய்த விதமும் வகுப்பில் பார்த்ததும்

முழு உடலையும் திரையில் போட்டுச் சுழற்றிப் பார்க்கிற 3டி செயலிகள் இப்போது நிறைய இருக்கின்றன, சில நன்றாகவே இருக்கின்றன. உடற்கூறியல் நடத்தும் என் தோழி கேட்டது அதில் ஒரு துண்டு மட்டும். உள்ளங்கையை மல்லாத்தும்போதும் கவிழ்க்கும்போதும் முன்கை எலும்புகள் என்ன செய்கின்றன என்பதை மாணவர் தன் விரலால் நகர்த்திப் பார்க்க வேண்டும், கைபேசியில் ஓட வேண்டும், இணைய இணைப்பு போனாலும் ஓட வேண்டும், அவ்வளவுதான். கேட்டதும் சின்ன வேலை என்றுதான் தோன்றியது. எலும்பு இரண்டுதானே, ஒன்றைச் சுற்றி இன்னொன்றைத் திருப்பினால் முடிந்தது. எலும்பைப் பொறுத்தவரை அப்படியேதான் முடிந்தது. நேரத்தைத் தின்றவை தசைகள், அதற்கு அப்புறம் மாணவர் கையில் எவ்வளவு சுதந்திரம் கொடுப்பது என்கிற கேள்வி.

தெரியாதவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்கையில் பெருவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. உள்ளங்கை மேலே பார்த்திருக்கும் சூப்பினேஷன் நிலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இணையாக இருக்கும். கையைக் கவிழ்த்து ப்ரொனேஷன் நிலைக்குக் கொண்டுபோனால் ரேடியஸின் கீழ்முனை அல்னாவைத் தாண்டி மறுபக்கம் போய்விடும், இரண்டும் குறுக்காக நிற்கும். மேல்முனையில் ரேடியஸின் தலை எங்கேயும் போகாது, தன்னைச் சுற்றிப் பிடித்திருக்கும் வளைய லிகமென்ட்டுக்குள் இருந்த இடத்திலேயே உருளும். அல்னா ஏறக்குறைய சும்மா இருக்கும். மணிக்கட்டு எலும்புகள் ரேடியஸோடுதான் நேரடியாக மூட்டு அமைக்கின்றன, அல்னாவுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. அதனால் ரேடியஸ் போகும் பக்கம் கை முழுவதும் போகிறது. படத்தில் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் வரைந்துவிடலாம், நடுவில் நடப்பதைக் காட்ட முடியாது. அந்த நடுவைத்தான் மாணவர்கள் ஆளுக்கொரு விதமாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்பது தோழியின் புகார்.

எங்கிருந்து எடுத்தேன்

எலும்பையும் தசையையும் நானே செதுக்கும் எண்ணம் இல்லை. பாடிபார்ட்ஸ்3டி என்று ஜப்பானின் டேட்டாபேஸ் சென்டர் ஃபார் லைஃப் சயின்ஸ் வெளியிட்ட தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஓர் ஆணின் முழு உடல் எம்ஆர்ஐ படங்களை அடிப்படையாகக் கொண்டு செய்த மாடல், உடலின் ஒவ்வொரு பாகமும் தனித்தனி ஓபிஜே (3டி வடிவக்) கோப்பாகக் கிடைக்கும். அதை எடுத்து பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் திருத்தி வளர்த்த இசட்-அனாடமி என்ற திறமூலத் திட்டமும் இருக்கிறது. எலும்பை முதலாவதிலிருந்தும், சில தசைகளின் வடிவத்தை இரண்டாவதோடு ஒப்பிட்டும் எடுத்தேன்.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹியூமன் தொகுப்பும் ஆசை காட்டியது. 1994-இல் வந்த ஆண் உடல் 1 மில்லிமீட்டர் இடைவெளியிலும், மறு ஆண்டு வந்த பெண் உடல் 0.33 மில்லிமீட்டர் இடைவெளியிலும் சீவி எடுத்த படங்கள். அதன் தரம் வேறு ரகம். ஆனால் அவை படங்கள் மட்டுமே, ஒவ்வொரு தசையின் எல்லையையும் அடுக்கடுக்காக நாமே குறித்து எடுத்தால்தான் அது 3டி வடிவமாகும். முன்கையில் முன்பக்கம் 8, பின்பக்கம் 12 என 20 தசைகள். அந்தப் பொறுமை எனக்கு இல்லை. சந்தேகம் வந்த இடங்களில் சரிபார்க்க மட்டும் அந்தக் குறுக்குவெட்டுப் படங்களைப் பக்கத்துத் திரையில் திறந்து வைத்திருந்தேன், அதுவே பெரிய உதவி.

பாடிபார்ட்ஸ்3டி கோப்புகளைத் திறந்தவுடன் தலை சுற்றும். கோப்புப் பெயர்கள் எல்லாம் எஃப்ஜே என்று தொடங்கும் எண்கள், எந்த எண் எந்த உறுப்பு என்பது தனி அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான எஃப்எம்ஏ என்ற உடற்கூறியல் சொல்தொகுதியின் எண்களோடு இணைகிறது. இரண்டு வகை மரங்கள் கொடுத்திருக்கிறார்கள்: ஒன்று 'இது எந்த வகையைச் சேர்ந்தது' என்பது, இன்னொன்று 'இது எதன் பகுதி' என்பது. முன்கையை மட்டும் வெட்டி எடுக்க இரண்டாவது மரம்தான் வேண்டும். முதலாவதை இறக்கினால் உடலில் உள்ள தசை எல்லாம் ஒரே குவியலாக வந்து விழும்.

அளவு மில்லிமீட்டரில் இருக்கிறது, பிளெண்டர் அதை மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும், ஆக ஒரு ரேடியஸ் இருநூற்றுச் சொச்சம் மீட்டர் நீளத்தில் வந்து நிற்கும். மாடலை உலாவிக்குக் கொண்டுபோகும் ஜிஎல்டிஎஃப் கோப்பு வடிவமும் மீட்டரைத்தான் எதிர்பார்க்கிறது. எல்லாவற்றையும் 0.001 மடங்காகச் சுருக்கி, அந்த மாற்றத்தை உடனே 'அப்ளை' செய்துவிட வேண்டும். இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மாடலை அசைக்கும் எலும்புக்கூட்டைக் கட்டும்போது எல்லாக் கணக்கும் கோணும். கூடவே முழங்கையைப் பூச்சியப் புள்ளிக்கு நகர்த்திக்கொண்டேன், ஏனென்றால் மூலத்தில் எல்லாமே முழு உடலுக்கான ஆள்கூறில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும்.

3டி பரப்பு சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது, கோப்பு சிறிதாக அவற்றைக் குறைக்கும் வேலையில் ஒரே விகிதத்தை எல்லாவற்றுக்கும் போடக் கூடாது. வழவழப்பான பெரிய தசைகளை எவ்வளவு குறைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ரேடியஸில் இருதலைத் தசை வந்து பிடிக்கும் மேடு, அல்னாவின் தலையில் இருக்கும் சின்னக் குழி, இரண்டு எலும்புகளும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் கூரான விளிம்பு, இவையெல்லாம் பாடத்தின் உயிர். இவை மழுங்கினால் மாடல் அழகாக இருக்கும், காட்ட ஒன்றும் இருக்காது. அந்த இடங்களின் புள்ளிகளை வெர்டெக்ஸ் குரூப் என்ற தனிக் குழுவாக்கிக் காப்பாற்றிவிட்டு மீதியைத் தாராளமாகக் குறைத்தேன்.

அச்சு

இந்த முழு வேலைக்கும் மையம் ஒரு கோடு. ரேடியஸ் தன் நீளவாக்கில் சுழல்வதில்லை, அல்னாவின் நீளவாக்கிலும் இல்லை. மேலே ரேடியஸ் தலையின் நடுவிலிருந்து புறப்பட்டு, கீழே அல்னா தலையின் குழி வரை சாய்வாகப் போகும் ஒரு கோட்டைச் சுற்றித்தான் சுழல்கிறது. மேலே ஓர் எலும்புக்குள், கீழே இன்னொரு எலும்புக்குள். இதை வாயால் சொன்னால் யாருக்கும் பிடிபடாது, திரையில் மெல்லிய கோடாகப் போட்டுவிட்டுத் திருப்பினால் சட்டென்று விளங்கும்.

பிளெண்டரில் ரேடியஸ் தலையின் விளிம்பில் உள்ள புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, கர்சரை அவற்றின் நடுவுக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு வெற்றுப் பொருளை வைத்தேன். கீழே அல்னாவின் குழியில் இன்னொன்று. இரண்டையும் இணைத்து ஆர்மேச்சர் எலும்பு (மாடலை அசைக்கப் பிளெண்டரில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத கம்பி) ஒன்று, அதற்குக் கீழே ரேடியஸ், மணிக்கட்டு, கை எல்லாம். அச்சு சரியா என்று பார்க்கச் சுலபமான வழி, முழுதாகத் திருப்பிவிட்டு ரேடியஸின் கீழ்முனை அல்னா தலையை ஒட்டி வழுக்கிப் போகிறதா என்று கவனிப்பதுதான். கோடு சில மில்லிமீட்டர் விலகினாலும் ஒரு கோடியில் எலும்பு எலும்புக்குள் புகும், மறு கோடியில் இடைவெளி விழும். புகுவதும் விலகுவதும் எந்தப் பக்கம் என்று பார்த்துக் கீழ்ப்புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் சரியான இடம் அகப்பட்டுவிடும். மேல்புள்ளியைத் தொட வேண்டியே வரவில்லை.

பூச்சியக் கோணம் எது என்பதையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும். மூல மாடலின் கை எப்படி இருக்கிறதோ அதையே பூச்சியம் என்று வைக்காமல், பெருவிரல் மேலே நோக்கும் நடுநிலையைப் பூச்சியமாக்கினேன். அங்கிருந்து இரு பக்கமும் 80 டிகிரி. சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும், பாடத்துக்கு 80 போதும். கையைத் திருப்ப விரலால் இழுக்கும் ஸ்லைடரில் இருபுறமும் 50-ஆவது டிகிரியில் மெல்லிய குறி ஒன்று போட்டிருக்கிறேன். எலும்பு மருத்துவர் மொரேயும் உடன் ஆய்வாளர்களும் 1981-இல் அன்றாடக் காரியங்களில் பெரும்பாலானவை இந்த 100 டிகிரி வீச்சுக்குள் முடிந்துவிடுகின்றன என்று அளந்து காட்டினார்கள். எலும்பு முறிந்து ஆறிய கைக்கு எவ்வளவு திருப்பம் திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை ஓடும் என்று யோசிக்கிற மாணவருக்கு அந்தக் குறி உதவும்.

அல்னா உண்மையில் முற்றிலும் அசையாமல் இருப்பதில்லை, லேசாக நகரும். மாடலில் அதை நிறுத்திவிட்டேன், நிறுத்தியிருக்கிறேன் என்று திரையிலேயே ஒரு வரி எழுதியும் விட்டேன். மாடல் எதை எளிமையாக்குகிறதோ அதை மாடலே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் மாணவர் அதையும் உண்மை என்று மனப்பாடம் செய்துவிடுவார்.

தசைகள்தான் தொல்லை

எலும்பு கெட்டியான பொருள், திருப்பினால் திரும்பும். தசையின் ஒரு முனை அசையாத மேற்கை எலும்பில், மறுமுனை திரும்புகிற கையில். நடுவில் அது முறுக வேண்டும். வழக்கமான வழி ஸ்கின்னிங்: தசைப் பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்பை எவ்வளவு பின்தொடர வேண்டும் என்று எடை கொடுப்பது. பிளெண்டரில் கொடுத்தேன், திருப்பினேன், பிரமாதமாக முறுகியது. ஏற்றுமதி செய்து உலாவியில் திறந்தால் முன்கையின் நடுவில் எல்லாத் தசையும் சூம்பிப் போய் நிற்கிறது. கேண்டி ராப்பர் என்றே இதற்குப் பெயர், மிட்டாய்க் காகிதத்தை இரண்டு பக்கமும் முறுக்கினால் வருகிற அதே இடுப்பு.

காரணம் பிளெண்டரில் 'பிரிசர்வ் வால்யூம்' என்ற ஒரு தேர்வுப் பெட்டி. அதை டிக் செய்தால் டூயல் குவாட்டர்னியன் முறையில் கணக்கிடும், பருமன் குறையாது. ஜிஎல்டிஎஃப் கோப்பில் அந்த முறைக்கு இடமில்லை, உலாவியில் 3டி வரையும் த்ரீ.ஜேஎஸ் நிரல்தொகுப்பு நேர்கோட்டுக் கலவையைத்தான் செய்யும். ஆகவே இந்த மாதிரி வேலையில் இறங்குகிறவர்கள் அந்தப் பெட்டியை ஆரம்பத்திலேயே அணைத்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், உலாவியில் வரப்போவது எதுவோ அதையே பிளெண்டரிலும் பார்ப்பீர்கள்.

நேர்கோட்டுக் கலவையில் எவ்வளவு சூம்பும் என்பதற்குக் கணக்கு எளிது. இரண்டு எலும்புகளுக்கும் பாதிப் பாதி எடை உள்ள புள்ளி, அச்சிலிருந்து தன் தூரத்தில் கோணத்தின் பாதிக்கான கொசைன் அளவுக்குச் சுருங்கும். முழுச் சூப்பினேஷனை ஓய்வுநிலையாக, அதாவது முறுக்கே இல்லாத தொடக்கமாக, வைத்து 160 டிகிரி திருப்பினால் கொசைன் 80, அதாவது 0.17. தசை இருந்த இடமே தெரியாது. நடுநிலையை ஓய்வுநிலையாக வைத்தால் அதிகபட்சத் திருப்பம் 80, கொசைன் 40 என்பது 0.77, இன்னும் அசிங்கம்தான் ஆனால் பாதி நோய் போய்விட்டது. அப்புறம் முன்கை நீளத்தில் நடுநடுவே துணை ஆர்மேச்சர் எலும்புகளை நட்டேன். முழங்கைப் பக்கத்தில் 0, அடுத்தது மொத்தத் திருப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அடுத்தது ஐந்தில் இரண்டு, இப்படியே மணிக்கட்டில் முழுசு. இப்போது அடுத்தடுத்த எலும்புகளுக்கு நடுவே வித்தியாசம் 16 டிகிரி மட்டும், கொசைன் 8 என்பது 0.99. சூம்பல் கண்ணுக்குத் தெரியாது. துணை எலும்புகள் எல்லாவற்றையும் ஒரே ஸ்லைடர் எண்தான் ஓட்டுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல் மட்டும்.

ஷேப் கீ போட்டு, அதாவது தொடக்க வடிவத்தையும் முடிவு வடிவத்தையும் சேமித்து வைத்து, தசையை நேரடியாக வடிவம் மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஷேப் கீயில் புள்ளிகள் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே நேர்கோட்டில் போகும், வளைவாகப் போகாது, ஆக அதே சூம்பல் வேறு வேடத்தில் வரும். நடுவில் பல வடிவங்களைச் செருகினால் சமாளிக்கலாம், ஆனால் கோப்பைச் சிறிதாக்கும் டிராகோ சுருக்கம் அவற்றைத் தொடாது, கோப்பு வீங்கிவிடும். ஒரே ஒரு தசைக்கு மட்டும் ஷேப் கீயைத் தவிர்க்க முடியவில்லை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே அல்னாவிலிருந்து ரேடியஸுக்குக் குறுக்காகப் போகும் ப்ரொனேட்டர் குவாட்ரேட்டஸ். உள்ளங்கையை மல்லாத்தும்போது அது அல்னாவைச் சுற்றி மடிய வேண்டும், ஸ்கின்னிங் மட்டும் போட்டால் எலும்பைக் குத்திக்கொண்டு நேராகப் போனது. சின்னத் தசை, சின்னச் சுமை, பரவாயில்லை.

இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வை நானே ஒரு மெல்லிய பட்டையாகச் செய்தேன். ஒரு ஓரம் முழுக்க அல்னாவுக்கு, மறு ஓரம் முழுக்க ரேடியஸுக்கு. அதன் இழைகள் ரேடியஸிலிருந்து அல்னாவை நோக்கிக் கீழ்ச் சாய்வாக ஓட வேண்டும், டெக்ஸ்சரில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். கையை ஊன்றி விழும்போது ரேடியஸில் வரும் விசை அல்னாவுக்கு எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பேச அந்தச் சாய்வு தேவைப்படும்.

தொடுவதும் பெயர் காட்டுவதும்

தொட்டால் பெயர் வர வேண்டும். எந்தப் பொருளைத் தொட்டோம் என்று கண்டுபிடிக்க த்ரீ.ஜேஎஸ்-இன் ரேகாஸ்டர் இருக்கிறது, ஆனால் அது மறைத்து வைத்த பொருளையும் தொட்டதாகச் சொல்லும். விசிபிள் என்பதை அணைத்தாலும் அதற்குக் கவலையில்லை, லேயர்களைத்தான் பார்க்கும். மேல்தசையை மறைத்துவிட்டு எலும்பைத் தொடும் மாணவருக்கு மறைந்த தசையின் பெயர் வந்தால் எப்படி இருக்கும்? லேயரை மாற்றி இதைச் சரிசெய்யலாம்தான். ஆனால் ஸ்கின்னிங் போட்ட தசைகளில் அது ஒவ்வொரு புள்ளியையும் கைபேசியின் மையச் செயலியில் (சிபியு) மறுபடி கணக்கிட்டுப் பார்க்கும், பழைய கைபேசிகள் திணறின. அதனால் வேறு வழிக்குப் போனேன். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ரகசிய நிறம், தொட்ட இடத்தைச் சுற்றி ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் அந்த நிறங்களில் திரைக்கு வெளியே வரைந்து, பிக்சலைப் படித்தால் எந்தப் பாகம் என்று தெரிந்துவிடும். சதுரத்துக்குள் நரம்பு ஒன்று இருந்தால் அதற்கே முன்னுரிமை, ஏனென்றால் விரல் தடிமனில் நரம்பைக் குறிபார்த்துத் தொட யாராலும் முடியாது.

பெயர்ப் பலகைகளை 3டி எழுத்தாகச் செய்யாதீர்கள். அதைச் செய்யும் த்ரீ.ஜேஎஸ்-இன் டெக்ஸ்ட்ஜியோமெட்ரி எழுத்துகளை வரிசையாக வைக்கும், சேர்க்கத் தெரியாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ' மூன்று துண்டாகக் கிடக்கும். சாதாரண எச்டிஎம்எல் எழுத்தை மாடலின் மேல் மிதக்கவிட்டால் உலாவியே தமிழை ஒழுங்காகக் கோத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயரும் அதன் கீழே தேர்வில் எழுத வேண்டிய பெயரும் சேர்ந்தே வருகின்றன.

வேகத்துக்கு இரண்டு காரியம் போதுமாக இருந்தது. எதுவும் அசையாதபோது திரையை மறுபடி வரையாமல் இருப்பது ஒன்று, பிக்சல் விகிதத்தை 2-க்கு மேல் விடாமல் இருப்பது இன்னொன்று. டிராகோவில் ஆள்கூறை 11 பிட்டுக்குக் குறைத்தாலும் ரேடியஸ் நீளத்தில் ஒரு படி 0.12 மில்லிமீட்டர்தான் வருகிறது, மூட்டுகளில் ஒன்றும் தெரியவில்லை.

வகுப்பில்

முதலில் கொடுத்த வடிவத்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுழற்றலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஆசையாகச் சுழற்றினார்கள். சுழற்றிச் சுழற்றி, இது முன்பக்கமா பின்பக்கமா, இடது கையா வலது கையா என்பதே தெரியாத ஒரு கோணத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "அக்கா, இதுல எது ரேடியஸ்?" என்று கேட்டார்கள். ஸ்லைடரை யாரும் மதிக்கவில்லை. சுழற்றுவது அவ்வளவு சுகமாக இருந்தால் நகர்த்துவதை யார் கவனிப்பார்கள்?

இது எனக்கு மட்டும் வந்த அனுபவம் இல்லை. மருத்துவக் கல்வி ஆய்வாளர்கள் அமித் கார்க், ஜெஃப்ரி நார்மன் முதலியோர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மணிக்கட்டு எலும்புகளின் கணினி மாடலை வைத்து இதைத்தான் சோதித்தார்கள். பல கோணங்களில் சுழற்றிப் பார்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம் என்றும், ஒரு சில முக்கியக் கோணங்களே கற்றலைத் தாங்குகின்றன என்றும் அவர்களின் முடிவு போகிறது. அப்படியானால் அந்த முக்கியக் கோணங்களை நாமே தேர்ந்து கொடுத்துவிடலாமே. சுழற்றலைப் பிடுங்கிவிட்டு நான்கு பொத்தான்கள் வைத்தேன்: முன்னால், பின்னால், பெருவிரல் பக்கம், அப்புறம் முழங்கையிலிருந்து அச்சின் வழியாகவே கீழே நோக்கும் பார்வை. ஒவ்வொன்றிலும் விரலால் சுமார் 20 டிகிரி இப்படியும் அப்படியும் ஆட்டலாம், விட்டால் தானே திரும்பிவிடும். ஆழம் தெரிய அந்த ஆட்டம் போதும். நான்காவது பார்வை எந்தப் புத்தகப் படத்திலும் எளிதில் கிடைக்காதது, அதில் ரேடியஸின் தலை நின்ற இடத்தில் உருள்வதும் அதே எலும்பின் கீழ்முனை அரைவட்டம் அடிப்பதும் ஒரே சமயத்தில் தெரியும்.

இதைவிடப் பெரிய மாற்றம், ஸ்லைடரைப் பூட்டியது. மாடல் திறந்ததும் கை மல்லாந்து இருக்கும், கேள்வி ஒன்று வரும்: உள்ளங்கையைக் கவிழ்த்தால் ரேடியஸின் கீழ்முனை எங்கே போய் நிற்கும், தொட்டுக் காட்டு. தொட்டால்தான் ஸ்லைடர் திறக்கும். தொட்ட இடத்தில் ஒரு புள்ளி நிற்கும், நகர்த்தி முடிக்கும்போது எலும்பு அங்கே வந்து சேர்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார். அதிகம் பேர் தொட்டது எலும்பு ஏற்கெனவே இருந்த இடத்தையேதான், அதாவது இரண்டு எலும்பும் இருந்த இடத்தில் முறுகும் என்று நினைத்திருக்கிறார்கள். தோழிக்கு இது புதையல். யார் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று இதற்கு முன் அவளுக்குத் தேர்வுத் தாளில்தான் தெரியவரும்.

அடுத்த படியில் திரையைக் கீழே வைக்கச் சொல்கிறோம். முழங்கையை மேசையில் ஊன்றி, அதன் வெளிப்பக்க எலும்பு முடிச்சுக்குச் சற்றுக் கீழே மறுகை விரலை வைத்துக்கொண்டு கையைத் திருப்பினால் ரேடியஸ் தலை விரலடியில் உருள்வது தெரியும். விரலை முழங்கை நுனிக்கு மாற்றினால் அங்கே ஒன்றும் உருளாது, அது அல்னா. அப்புறம் முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கவிழ்ந்த கையை ஏதாவது ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டு மல்லாத்தினால் மேற்கையின் இருதலைத் தசை திரண்டு எழும். அந்தத் தசை கையை மடக்க மட்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது ஆச்சரியம். திரையில் அது ரேடியஸின் உள்பக்க மேட்டைப் பிடித்திருப்பதையும், கவிழ்க்கும்போது தசைநாண் எலும்பைச் சுற்றிக்கொள்வதையும், இழுத்தால் அந்தச் சுற்று பிரிந்துதான் ஆக வேண்டும் என்பதையும் காட்டினால் வேறு விளக்கம் தேவையில்லை. வலக்கையால் திருகாணியை இறுக்குவது இந்த அசைவுதான், கழற்றுவதைவிட இறுக்குவது வலக்கைக்காரருக்கு இதனால்தான் வசதி. என் கருத்தில் மாடலின் நல்ல பயன், தன் கையில் எதைத் தேட வேண்டும் என்று மாணவருக்குக் காட்டிக் கொடுப்பது.

கேட்காமலே சேர்த்த ஒன்று நன்றாக வேலை செய்தது. எனக்கு வேண்டிய நரம்புகள் நான் எடுத்த கோப்புகளில் இல்லை, பிளெண்டரில் பெஸியர் வளைகோடுகளாக வரைந்தேன். மீடியன் நரம்பு, கையைக் கவிழ்க்கும் ப்ரொனேட்டர் டெரஸ் தசையின் இரு தலைகளுக்கு நடுவே. ரேடியல் நரம்பின் ஆழ்கிளை, கையை மல்லாத்தும் சூப்பினேட்டர் தசைக்குள் புகுந்து ரேடியஸின் கழுத்தைச் சுற்றிப் பின்பக்கம் போகிறது. நரம்பையும் துணை எலும்புகளோடு கட்டிவிட்டதால் கையைத் திருப்பினால் அதுவும் நகரும். ரேடியஸ் தலையைப் பின்வெளிப்பக்கமாகத் திறக்கும் அறுவைச் சிகிச்சையில் கையைக் கவிழ்த்து வைக்கச் சொல்வார்கள், முன்பக்கமாகத் திறந்தால் மல்லாத்தி வைக்கச் சொல்வார்கள். இரண்டையும் நெட்டுருப் போட்டுக் குழம்புவது வழக்கம். மாடலில் பின்பக்கப் பார்வையை வைத்துக்கொண்டு ஸ்லைடரை இழுத்தால் நரம்பு கத்தி வரும் வழியிலிருந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று தெரிகிறது. தூரத்தை மில்லிமீட்டரில் காட்டச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். காட்டவில்லை. என் கையால் வரைந்த கோட்டுக்கு மில்லிமீட்டர் போடுவது பொய்.

மாடல் பொய் சொல்லக் கூடாது என்ற அதே காரணத்துக்காகத்தான் பால்மாரிஸ் லாங்கஸ் என்ற முன்கைத் தசைக்கு ஒரு பொத்தான். தட்டினால் தசை இருக்கும், மறுபடி தட்டினால் இருக்காது. நிறைய மனிதர்களுக்கு அது பிறவியிலேயே கிடையாது, ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாதவர்களும் உண்டு. பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துவைத்து மணிக்கட்டை லேசாக மடக்கினால் இருப்பவர்களுக்கு நடுவில் நாண் எழும்பும். வகுப்பில் எல்லாரும் தங்கள் கையைப் பார்த்தார்கள், இல்லாதவர்கள் இருந்தார்கள், திரையில் இருப்பது ஒரே ஓர் ஆளின் உடல் என்பது அங்கே தானாகவே பேச்சுக்கு வந்தது. நிறமும் அப்படித்தான். நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம் என்று நானும் போட்டிருக்கிறேன், போடாவிட்டால் ஒன்றும் பிரித்துத் தெரியாது. உடல் அறுப்பு மேசையில் அந்த மஞ்சள் இருக்காது, தசைகளை இவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கவும் மாட்டார்கள், இழுத்தால் தசையைப் போர்த்தியிருக்கும் இழைவுறை எவ்வளவு எதிர்க்கும் என்பது கண்ணாடித் திரையில் வராது. அதற்கு இந்த மாடல் பதில் இல்லை.

மீதி இருக்கும் வேலைகள். மேல்தசைகளை மறைத்தால் ஆழத் தசைகளில் இரண்டு இடத்தில் ரேடியஸ் இன்னும் தசையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது, துணை எலும்புகள் நீளவாக்கில் மட்டும் பங்கிடுவதால் வரும் கோளாறு இது, ஆழத்தை வைத்தும் எடை கொடுத்தால் சரியாகும். முழங்கையை மடக்கும் இன்னொரு ஸ்லைடர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கை நீட்டியிருக்கும்போது இருதலைத் தசை திருப்புவதில் ஏன் பலவீனமாகிறது, சூப்பினேட்டர் ஏன் பொறுப்பை ஏற்கிறது என்று காட்ட அது அவசியம், ஆனால் இரண்டு ஸ்லைடர் வந்தால் முன்பு சுழற்றியதுபோல இரண்டையும் சேர்த்து ஆட்டத் தொடங்கிவிடுவார்கள். ஒன்றை முடித்த பிறகே மற்றது திறக்கும்படி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

உரிமம் பற்றி: பாடிபார்ட்ஸ்3டி-இலிருந்து எடுத்தால் மூலத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும். இசட்-அனாடமியிலிருந்து வடிவத்தை எடுத்துத் திருத்தினால் திருத்தியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட முடியும். இரண்டும் கலந்த கோப்பு என்பதால் நானும் அப்படியே வைத்திருக்கிறேன், பிளெண்டர் கோப்பையும் சேர்த்து.